புகையும் விந்தணுவும்: கழியும் கேடு, தங்கும் கேடு



கல்யாணமாகி இரண்டு வருடம், மூன்று வருடம் ஆகியும் குழந்தை இல்லை என்றால் நம் வீடுகளில் முதல் கேள்வி யாரை நோக்கி வருகிறது? மருமகளை நோக்கித்தான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாத்திரை, ஊசி, கோயில், விரதம் எல்லாம் அவளுக்கு. கணவருக்குச் செய்ய வேண்டிய விந்துப் பரிசோதனை மிக எளியது, செலவும் குறைவு. அதுவோ மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், தள்ளிப்போகிறது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. குழந்தையில்லாத தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கணவரின் சட்டைப்பையில் இருக்கும் சிகரெட் பெட்டியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

சிகரெட் என்றதும் நுரையீரலும் இதயமும் நினைவுக்கு வருகின்றன. விந்தகம் வருவதில்லை. ஆனால் புகையில் உள்ள நச்சுகள் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை; ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகின்றன. விந்தகத்துக்கு அவை என்ன செய்கின்றன என்பதை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துச் சொல்ல வந்த சேதி ஒன்றுதான். புகையால் ஆணின் விதைக்கு வரும் கேடு இரண்டு வகை. ஒன்று, புகையை விட்டால் கழிந்துவிடும். மற்றொன்று, விட்ட பிறகும் தங்கிவிடும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவை ஆய்வக விலங்குகள்தான்.

மனிதரைப் பற்றிய கேள்விக்கு எலியிடம் ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். புகைக்கும் ஆண்களையும் புகைக்காத ஆண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் நிறைய உண்டு. ஆனால் புகைக்கிறவர் பலர் குடிக்கவும் செய்கிறார்கள், இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள், உலைக்களத்திலோ லாரி இன்ஜின் பக்கத்திலோ வெக்கையில் வேலை செய்கிறார்கள். விந்தணு குறைந்திருந்தால் குற்றவாளி புகையா, குடியா, சூடா என்று பிரிப்பது கடினம். ‘நீ மூன்று மாதம் புகை பிடி’ என்று ஒரு மனிதரிடம் எந்த ஆய்வாளரும் சொல்லவும் முடியாது. எலி விஷயத்தில் ஒரே வயது, ஒரே இனம், ஒரே தீனி, ஒரே விளக்கு வெளிச்சம் என்று எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டு, புகையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முடிவை எவ்வளவு நம்பலாம் என்பது செய்முறையில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் சிகரெட் ஆளுக்கு ஆள், பெட்டிக்குப் பெட்டி மாறும் என்பதால், அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகம் 1960-களின் இறுதியிலிருந்து ஆய்வுக்கென்றே ஒரே சீரான சிகரெட்டுகளைத் தயாரித்துத் தருகிறது. அவற்றை ஓர் இயந்திரம் புகைக்கும். சர்வதேசத் தர முறைப்படி, நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. ஒவ்வொரு இழுப்பும் இரண்டு விநாடி, 35 மில்லிலிட்டர். அந்தப் புகை அளவான காற்றோடு கலந்து விலங்கு இருக்கும் அறைக்குள் போகும். சில ஆய்வுகளில் மூக்கு மட்டும் புகையில் படும்படி சிறு குழாய்க்குள் எலியை வைப்பார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குழாய்க்குள் அடைபடுவதே எலிக்குப் பெரிய மிரட்சி. மிரட்சியே ஆண் ஹார்மோனைக் குறைத்துவிடும். ஆகவே நல்ல ஆய்வில் ஒப்பீட்டுக் குழு எலிகளையும் அதே குழாயில், அதே நேரம் வைப்பார்கள். அவற்றுக்குப் போவது சுத்தமான காற்று மட்டும். புகை உண்மையிலேயே ரத்தத்தில் ஏறியதா என்பதைக் கோட்டினின் அளவால் சரிபார்ப்பார்கள். உடம்பு நிக்கோட்டினை உடைக்கும்போது உண்டாகும் பொருள் அது. ஓர் ஆய்வுக் கட்டுரையில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதன் முடிவைக் கையில் எடுக்க வேண்டும்.

இனி விந்தகத்துக்குள் போவோம். எலியின் விந்தகத்தை மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் வட்டவட்டமாகக் குழாய்களின் குறுக்குவெட்டு தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் சுவரிலும் செல்கள் அடுக்கடுக்காக நிற்கும். வெளி ஓரத்தில் ஸ்டெம் செல்கள்; அவற்றுக்கு உள்ளே பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்; இன்னும் உள்ளே உருண்டையான இளம் விந்தணுக்கள்; நடுவே வால் முளைத்து, குழாயின் உள்வெளியை நோக்கி வாலை நீட்டி நிற்கும் முதிர்ந்த விந்தணுக்கள். ஒரே வட்டத்தில் ஒரு விந்தணுவின் பிறப்பு முதல் முதிர்ச்சி வரை படிப்படியாகப் பார்த்துவிடலாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லெப்லான், கிளெர்மோன் என்ற இருவர் 1952-இல் எலியிடம் இந்தப் படிகளை 14 கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்றும் உலகெங்கும் விந்தகச் சீவலை அந்தக் கணக்கை வைத்துத்தான் படிக்கிறோம்.

ஒரு விந்தணு உருவாக எடுக்கும் காலம் சுண்டெலிக்குச் சுமார் 35 நாள், எலிக்கு 52 நாள், மனிதனுக்கு 64 நாள். பிறகு விந்தகத்தின் மேலுள்ள சுருள் நாளத்தில் சில நாள் தங்கி நீந்தக் கற்கும். இந்த நாள் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் முக்கியமான வாதம் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் கழியும் கேட்டைப் பார்ப்போம். 1951-லேயே அமெரிக்காவில் எசன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் வெள்ளை எலிகளிலும் சுண்டெலிகளிலும் நிக்கோட்டினும் சிகரெட் புகையும் சினையகத்தையும் விந்தகத்தையும் கெடுப்பதை எழுதினார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை உலகமே விவாதிக்கத் தொடங்கிய காலம் அது. அதன் பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகள் கேடு எந்த வழியில் நடக்கிறது என்பதைக் காட்டின.

ஒரு வழி ஹார்மோன். 1997-இல் துருக்கி ஆய்வாளர்கள் எலிகளை நெடுநாள் புகையில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. அதைச் சுரக்கும் லீடிக் செல்களும் குறைந்தன. ஆனால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்கள் குறிப்பிடும்படி மாறவில்லை. மேலிருந்து வரும் உத்தரவு குறையாமலே விந்தகத்தின் உற்பத்தி குறைந்தது என்றால், அடி விழுந்த இடம் விந்தகமே என்று ஊகிக்கலாம்.

இன்னொரு வழி ஆக்சிஜனேற்றம். விந்தணுவின் மேல்சவ்வு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்களால் ஆனது. வேகமாக நீந்துவதற்காக அது தன் செல்சாற்றின் பெரும்பகுதியை உதறிவிட்டு, தலையும் வாலுமாக மட்டும் புறப்படுகிறது. சேதத்தைச் சரிசெய்யும் நொதிகளும் அந்தச் செல்சாற்றோடு போய்விடுகின்றன. புகை கொண்டுவரும் வினைமிக்க மூலக்கூறுகள் தாக்கினால் விந்தணுவால் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ள முடியாது. வால் துவளும், தலைக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுபடும். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, புகைக்கு ஆளான எலிகளின் விந்தகத்தில் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்வது கூடுகிறது என்று காட்டியது.

ஆய்வகத்தில் இதை அளக்கும் விதம் எளிமையானது. சுருள் நாளத்தின் வால்பகுதியை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் வைத்து ஊசியால் கீறினால், பால் கலங்குவதுபோல் விந்தணுக்கள் வெளியே வரும். அதில் ஒரு சொட்டை, ரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் விட்டு, நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக எண்ணுவார்கள். நேராக நீந்துவது எத்தனை, நின்ற இடத்தில் வாலாட்டுவது எத்தனை, அசையாதது எத்தனை என்று தனித்தனியாகக் குறிப்பார்கள். எலியின் விந்தணுத் தலை கொக்கி போல் வளைந்திருக்கும். கொக்கி இல்லாத தலை, உருக்குலைந்த தலை, முறிந்த கழுத்து ஆகியவற்றையும் எண்ணுவார்கள். புகைக்கு ஆளான விலங்குகளில் எண்ணிக்கை குறைவதையும், நீந்தும் திறன் குறைவதையும், கோணல் தலைகள் கூடுவதையும் பல ஆய்வகங்கள் தனித்தனியே பதிவுசெய்திருக்கின்றன. கிரேக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புகைக்கு ஆளான ஆண் எலிகளின் விந்தணுவை முட்டையோடு சேர்த்துப் பார்த்தபோது கருவுறுவது குறைந்தது. உண்டான கருக்கள் வளர்ந்து கருப்பையில் ஒட்டிக்கொள்வதும் குறைந்தது. தாய் எலியிடம் புகையின் சாயலே இல்லை.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறான வாதத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். ‘புகையில் வைத்த எலியும் குட்டி போடத்தானே செய்கிறது? அப்படியானால் என்ன கெட்டுவிட்டது?’ என்று கேட்பவர்கள் உண்டு. எலி பெரும் கையிருப்பு உள்ள பிராணி. விந்தகத்தின் ஒரு கிராம் எடைக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி விந்தணுவுக்கு மேல் உற்பத்தி செய்கிறது. மனிதனோ ஒரு கிராமுக்கு அரைக் கோடி அளவில்தான். எலியின் விந்தணு எண்ணிக்கை மிகப் பெரும்பகுதி குறைந்தாலும் அது பழையபடி குட்டிக்குத் தகப்பனாகிவிடும். மனிதனுக்கு அந்தத் தாராளம் இல்லை. பல ஆண்கள் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். எலியால் தாங்க முடிந்த குறைவு அவர்களைக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடலாம். ஆகவே குட்டிகளின் எண்ணிக்கையை வைத்துப் புகைக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. விந்தணுவையே பார்க்க வேண்டும். அதன் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வையும் பார்க்க வேண்டும்.

டி.என்.ஏ. என்றதும் தங்கும் கேட்டுக்கு வந்துவிட்டோம்.

விந்தகத்தில் வளரும் அணுக்களைச் சுற்றி ஒரு தடுப்பு இருக்கிறது. செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, ரத்தத்தில் வரும் பல பொருள்கள் உள்ளே புகாதபடி காவல் காக்கின்றன. ஆனால் ஸ்டெம் செல்கள் அந்தத் தடுப்புக்கு வெளியே, குழாயின் ஓரத்தில், ரத்த நாளங்களை ஒட்டியே இருக்கின்றன. வாழ்நாள் முழுக்க விந்தணுவைத் தந்துகொண்டே இருக்க வேண்டிய செல்கள் காவலுக்கு வெளியே நிற்கின்றன. அவை நமது விதைநெல். அறுவடை ஒரு போகம் கெட்டால் அடுத்த போகத்தில் சரிக்கட்டலாம். விதைநெல்லே கெட்டால் வரும் போகமெல்லாம் அந்தக் கேட்டைச் சுமக்கும்.

விதைநெல் கெடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் முன்பு சொன்ன நாள் கணக்கு உதவுகிறது. சுண்டெலியை இன்று புகையிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, ஒரு முழுச் சுற்றும் சுருள் நாளத்துப் பயணமும் முடியும்வரை காத்திருந்து விந்தணுவைச் சேகரித்தால், அந்த விந்தணு புகை இருந்த நாளில் ஸ்டெம் செல்லாக இருந்திருக்க வேண்டும். அதில் மாற்றம் இருந்தால் அது ஸ்டெம் செல்லில் ஏற்பட்ட மாற்றம்.

கனடாவில் கரோல் யாக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது. ஆண் சுண்டெலிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு சிகரெட் புகை. ஒரு குழுவுக்கு 6 வாரம், இன்னொரு குழுவுக்கு 12 வாரம். டி.என்.ஏ.வில் ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் ஓர் இடத்தை எடுத்து, அதன் நீளம் எத்தனை விந்தணுக்களில் மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். சுத்தமான காற்றில் இருந்த சுண்டெலிகளோடு ஒப்பிட்டால், 6 வாரக் குழுவில் இந்த மாற்றம், அதாவது பிறழ்வு, 1.4 மடங்கு, 12 வாரக் குழுவில் 1.7 மடங்கு. நாள் கூடக் கூடப் பிறழ்வும் கூடுகிறது. அதாவது, அது சேர்ந்துகொண்டே போகிறது. அந்த இடம் நோயை உண்டாக்கும் மரபணு அல்ல, டி.என்.ஏ. நிலைகுலைவதைக் காட்டும் சாட்சி. ஆனால் சாட்சி பேசுவது விதைநெல்லைப் பற்றி.

2011-இல் அடுத்த ஆய்வு வந்தது. இம்முறை சிகரெட்டின் எரியும் நுனியிலிருந்து அறைக்குள் பரவும் பக்கப் புகையையும் சேர்த்துச் சோதித்தார்கள். பக்கத்தில் நிற்பவர் சுவாசிக்கும் புகையில் பெரும்பங்கு இதுதான். இரண்டே வாரப் பக்கப் புகையும் சுண்டெலியின் ஸ்டெம் செல்களில் பிறழ்வைக் கூட்டியது. சிகரெட்டைக் கையால் தொடாத ஒரு இளைஞர், புகை மண்டிய தேநீர்க்கடையிலோ வீட்டிலோ நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால், அவருக்கும் இதில் அக்கறை உண்டு.

கேடு அடுத்த தலைமுறைக்கும் போகிறதா? புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரதீப் பிடே குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குடிநீரில் நிக்கோட்டின் பெற்ற ஆண் சுண்டெலிகளின் குட்டிகளிடம் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் கவனக் குறைவும் தெரிந்தன. தாய்களுக்கு நிக்கோட்டின் கொடுக்கவே இல்லை. தகப்பனின் விந்தணுவில் மரபணுக்களை இயக்கும் வேதிக் குறிகள் மாறியிருந்தன. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் மறுபக்கத்தைக் காட்டினார்கள். சினையாக இருந்தபோதும் பாலூட்டியபோதும் புகைக்கு ஆளான தாய்ச் சுண்டெலிகளின் ஆண் குட்டிகள் வளர்ந்த பிறகு, அவற்றின் விந்தணு குறைவாக இருந்தது, நன்றாக நீந்தவில்லை, வடிவமும் கெட்டிருந்தது. கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் யாராவது புகை பிடித்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் நாளைய விதையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எலியில் கண்டதையெல்லாம் அப்படியே மனிதன் மேல் ஏற்றக்கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். சில ஆய்வுகளில் கொடுக்கும் அளவு, எந்த மனிதரும் சுவாசிக்காத அளவு. காட்மியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்க்கும் செடி. ஊசியில் காட்மியம் ஏற்றினால் எலியின் விந்தகம் ரத்தம் கட்டி அழிந்துவிடும் என்று 1956-லேயே பாரிசெக், சாகோர் இருவரும் காட்டினார்கள். ஆனால் ஒரே ஊசியில் ஏறும் அளவும், வருடக்கணக்கில் துளித்துளியாகச் சேரும் அளவும் ஒன்றல்ல. ஆய்வக விலங்கு திசையைக் காட்டும். தூரத்தை மனிதரிடம்தான் அளக்க வேண்டும்.

அளந்தும் இருக்கிறார்கள். 20 ஆய்வுகளில் 5,865 ஆண்களைத் தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு, புகைப்பவர்களிடம் விந்தணு எண்ணிக்கையும் நீந்தும் திறனும் குறைவு என்று முடிவு செய்தது. டொரொன்டோவில் மரியா சென்செஸ் குழுவினர் 1999-இல், புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற நச்சு, புகைக்கும் ஆண்களின் விந்தணு டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அந்த ஒட்டு விந்தணு வழியாகக் கருவுக்கும் போயிருந்தது. எலி காட்டிய திசையில்தான் மனிதச் சான்றும் போகிறது.

இனி நல்ல செய்தி. நிக்கோட்டின் கொடுத்து நிறுத்திய எலிகளை நைஜீரிய ஆய்வாளர்கள் 2011-இல் பார்த்தபோது, நிறுத்திய பிறகு விந்தணுவும் கருவுறச் செய்யும் திறனும் தேறி வந்தன. இது எதிர்பார்க்கக் கூடியதே. கெட்ட விந்தணு வெளியேற, புதிய சுற்று தொடங்கும். மனிதனுக்கு 64 நாள் உற்பத்தி, அதன் மேல் சுருள் நாளத்துப் பயணம். கொஞ்சம் தாராளமாகக் கணக்கிட்டால் மூன்று மாதம். குழந்தை வேண்டும் என்று திட்டமிடும் ஆண் குறைந்தது மூன்று மாதம் முன்பே புகையை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான். எண்ணிக்கையும் நீச்சலும் இந்த மூன்று மாதத்தில் தேற வாய்ப்பு உண்டு.

ஆனால் மூன்று மாதம் போதும் என்று இளைஞர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘கல்யாணம் நிச்சயமானதும் விட்டுவிடுவேன்’ என்று பதினெட்டு வயதில் பற்றவைப்பவர், விட்ட பிறகு புது விந்தணுவைப் பெறுவார்; புது ஸ்டெம் செல்லைப் பெற மாட்டார். பத்து வருடம் சேர்ந்த பிறழ்வு அதிலேயே இருக்கும். தகப்பனின் வயது ஒன்று கூடினால் பிள்ளைக்குப் போகும் புதிய பிறழ்வுகள் சுமார் இரண்டு கூடுகின்றன என்று 2012-இல் ஐஸ்லாந்து ஆய்வு கணக்கிட்டது. காலம் தானாகவே சேர்க்கும் சுமை அது. அதன் மேல் புகையையும் ஏற்றுவது நம் கையில் இருக்கிறது. ஏற்றாமல் இருப்பதும் நம் கையில்தான்.

இந்தியாவில் புகைப்பவர்களில் சிகரெட்டைவிடப் பீடி பிடிப்பவர்களே அதிகம். தெந்து இலையில் சுற்றியது என்பதால் பீடி இயற்கையானது, கேடு குறைந்தது என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்னும் இருக்கிறது. எரிவது புகையிலைதான், நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிலும் உண்டு. விந்தகத்துக்குப் போகும் ரத்தம், புகை எந்த இலையில் சுற்றி வந்தது என்று பார்ப்பதில்லை.

எனவே மூன்று வேண்டுகோள்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் வீடுகளில் கணவரின் விந்துப் பரிசோதனையை முதல் வாரத்திலேயே செய்யுங்கள். மனைவிக்கு ஊசி போடத் தொடங்குவதற்கு முன்பே. மருத்துவர்களே, கணவரிடம் ‘புகை பிடிக்கிறீர்களா, வீட்டில் வேறு யாரும் பிடிக்கிறார்களா’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விட விரும்பினால் அதற்கான சிகிச்சைக்கு அனுப்புங்கள். பள்ளி, கல்லூரி ஆசிரியர்களே, புகையிலை பற்றிப் பேசும்போது புற்றுநோய்ப் படத்தோடு நிறுத்தாதீர்கள். நாற்பது வருடம் கழித்து வரும் நோய் பதினேழு வயதுப் பையனைப் பயமுறுத்தாது. தன் பிள்ளைக்குக் கொடுக்கப்போகும் விதை இன்றைக்கே கெடுகிறது என்பது அவனை யோசிக்க வைக்கும்.

இந்த அறிவுக்காக எத்தனையோ ஆயிரம் விலங்குகள் ஆய்வகங்களில் உயிர் விட்டிருக்கின்றன. விலங்கைக் குறைவாகப் பயன்படுத்து, வலியைக் குறை, மாற்று வழி இருந்தால் மாற்று என்ற நெறியை ரஸ்ஸல், பர்ச் இருவரும் 1959-இல் வகுத்தார்கள். நல்ல ஆய்வகங்கள் அதைக் கடைப்பிடிக்கின்றன. அந்த உயிர்கள் காட்டியதைத் தெரிந்துகொண்ட பிறகும் நாம் நடைமுறையை மாற்றாவிட்டால் அந்த ஆய்வுகளுக்கு நியாயம் இல்லாமல் போய்விடும். கழியும் கேட்டிலிருந்து மூன்று மாதத்தில் தேற வாய்ப்பு உண்டு. தங்கும் கேட்டுக்கு ஒரே மருந்து, அதைத் தொடங்காமலே இருப்பது. தொடங்கிவிட்டவர்களுக்கு, இன்றோடு நிறுத்துவது.